பார்வைக்கு வைத்த பிரதி

படைப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு மாதிரி பார்ப்பார். "கதை எழுதுறதுக்கா டாக்டர் பட்டம்?" என்று கேட்பார். கதை மட்டும் எழுதினால் போதாது ஐயா, அதை ஏன் எழுதினாய், எப்படி எழுதினாய், எங்கேயிருந்து எடுத்தாய் என்று இன்னொரு அரைப் புத்தகமும் எழுதியாக வேண்டும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் இறங்குகிற இடம் வந்துவிடும். முன்பாதி நாவல், பின்பாதி ஆய்வுரை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதற்குப் பெயர் ஆய்வேடு. கற்பனைக்கு ஆதாரம் கேட்கிற படிப்பு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

என் நெறியாளர் நல்ல அம்மாள்தான். ஆனால் ஆய்வுரையில் நான் எதை எழுதிக்கொண்டு போனாலும் ஓரத்தில் பென்சிலால் 'ஆதாரம்?' என்று போட்டுவிடுவார். "நாவல்ல இருக்கிறது எங்கேருந்து வந்துச்சு, எதை எதுவா மாத்தினே, ஏன் மாத்தினே, அதைக் காட்டும்மா. அதுதான் ஆராய்ச்சி" என்பார். காட்டினேன். அவர் கேட்டதற்கு மேலேயே காட்டித் தொலைத்தேன்.

நாவல் ஒரு பெண் தப்பிப் போகிற கதை. புருஷன் எங்கே போனாலும் கூடவே வருகிறவன். மகனைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதும் முன்வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். அவள் மகனோடு உள்ளே போய், பின்வாசல் வழியாக வெளியேறி, பஸ் பிடித்துப் போய்விடுவாள். இந்தக் கதை என் அக்காவுடையது.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்குக் கண் அளவு எடுத்து ஃபிரேம் பொருத்திக் கொடுப்பாள். அத்தான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி ஒன்றை அவர் வீட்டிலும் காலடியில் வைத்திருந்தார். அக்காவின் சான்றிதழ்கள் அவர் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருந்தன. வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கி ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை அக்காவின் வலது கையில் இரண்டு விரல் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. "கதவு பட்டுடுச்சு" என்றாள். கதவு தானாகப் படவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசுகிற இடம் துணிக்கடை டிரையல் ரூம் ஒன்றுதான். அத்தான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நான் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அக்கா கிசுகிசுவென்று பேசுவாள். அப்படித்தான் அந்தத் திட்டத்தைச் சொன்னாள். அவள் மகள் குட்டிக்குச் சனிக்கிழமை நீச்சல் வகுப்பு. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் அவர் வர முடியாது. அந்த அறையைத் தாண்டினால் பின்வாசல், எதிரே பஸ் நிறுத்தம். துறைமுகம் இருக்கிற ஊரில் கூடப் படித்தவள் ஒருத்தி தையல் யூனிட் வைத்திருக்கிறாள். எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் சில மாதம் கழித்து, "அதெல்லாம் விட்டுட்டேன்டி. குட்டிக்கு ஸ்கூல் இருக்கு. எனக்கும் தைரியம் இல்ல. நீ வேணா கதையா எழுதிக்கோ" என்றாள்.

"அத்தான் படிச்சுட்டா?"

"ஆமா, உன் தீசிஸைப் படிக்கத்தான் ஊரே வரிசையில நிக்குது."

சிரித்தோம். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் துறையில் ஆய்வேட்டைப் படிக்கிறவர்கள் தேர்வாளர்கள் மட்டும்தான். அவர்களும் முழுசாகப் படிக்கிறார்களா என்பது தனிக் கேள்வி.

நாவலில் எல்லாவற்றையும் மாற்றினேன். குட்டியைப் பையனாக்கினேன். டிரைவிங் ஸ்கூலைப் போட்டோ ஸ்டூடியோ ஆக்கினேன். நீச்சல் குளத்தைப் பல் ஆஸ்பத்திரி ஆக்கினேன். அம்மா உயிரோடு இருந்து படித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். அவ்வளவும் செய்துவிட்டு, பின்பாதியில் 'உருமாற்றம்' என்று ஓர் அத்தியாயம் போட்டு, போர்த்தியதையெல்லாம் ஒவ்வொன்றாக நானே உரித்து வைத்தேன். நாவலில் வரும் பல் மருத்துவமனை உண்மையில் ஒரு நீச்சல் குளம். பஸ் போகிற ஊர் உண்மையில் துறைமுக ஊர். தகவல் தந்தவர் ஆய்வாளரின் மூத்த சகோதரி. பெயர் போடவில்லையாம், பெரிய ரகசியம் காத்துவிட்டேனாம்! எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில்தான் நெறியாளர் முதல் முறையாக 'அருமை' என்று எழுதினார். அந்தப் பக்கத்தை ஹாஸ்டலில் ஒருத்தி விடாமல் காட்டினேன்.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வெள்ளிக்கிழமை என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்னால் ஆய்வேட்டின் பிரதி ஒன்றைத் துறை அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அது பழைய வழக்கம். எந்தப் பொதுமக்களும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த அறிவிப்பைப் பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நானே போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா ஹாஸ்டலுக்கு வந்தாள். வைவாவுக்கு உடுத்திக்கொள்ள நல்ல துணி ஒன்றைத் தேய்த்து எடுத்து வந்திருந்தாள். அத்தான் கீழே காரில். மாடிப்படித் திருப்பத்தில் பையைக் கையில் கொடுக்கும்போதே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை போறேன்டி."

"எங்கே?"

"அன்னிக்குச் சொன்னேனே, அதே வழி. அந்தத் தையல் யூனிட்காரிகிட்டப் பேசிட்டேன். வரச் சொல்லிட்டா. போன வாரம் குட்டியைக் கை ஓங்கினார். என்னைப் பண்ணினது சரி. குட்டியை..." அவள் முடிக்கவில்லை.

"அக்கா, அந்தத் தீசிஸ்ல..." என்று ஆரம்பித்தேன். கீழே ஹாரன் அடித்தது. ஒரே ஒரு சின்ன ஹாரன், மரியாதையாக. அக்கா பிடியை விட்டுவிட்டுத் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சரி, யார் படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அறைக்கு வந்தேன். உட்காரக்கூட இல்லை, போன் டிங் என்றது. குடும்ப குரூப்பில் அத்தான். 'நாளைக்கு லீவு. டிபார்ட்மென்ட் போய் நம்ம வீட்டு டாக்டர் என்ன எழுதியிருக்கான்னு படிக்கப் போறேன்.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அதற்குக் கீழே சித்தப்பா ஒரு கட்டைவிரல். சித்தி ஒரு கட்டைவிரல்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது? அவள் போன் அவர் கையில். கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டால், "அவங்க சனிக்கிழமை வரைக்கும் லீவும்மா, தங்கச்சிக்கு ஏதோ பரீட்சையாமே" என்றார்கள். நெறியாளருக்குப் போன் போட்டேன்.

"மேடம், உருமாற்றம் அத்தியாயத்தை எடுத்துடலாமா? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"வைவான்னா எல்லாருக்கும் பயம் வரும்மா. நான் என் வைவாவுக்கு முன்னாடி ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். வெந்நீர் குடிச்சிட்டுப் படு."

"அது இல்ல மேடம், வேற..."

"அதுவேதான். படு" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். துறை எழுத்தர் அம்மாளுக்கு 'சாவிக்கொத்து' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் நடந்து வருவது ஒரு தாழ்வாரம் முன்னாலேயே கேட்கும். "அம்மா, என் பிரதியைக் கொஞ்சம் தாங்கம்மா, ஒரே ஒரு பிழை, திருத்திட்டு அரை மணியில் கொண்டாந்துடறேன்" என்று கெஞ்சினேன்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சில்ல? இனிமே அது உன்னுது இல்ல. இங்கேயே உக்காந்து பாரு, வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது."

ஜன்னல் ஓர மேஜையில் பிரதியோடு உட்கார்ந்தேன். கிழித்துவிடலாமா என்று ஓர் எண்ணம். அந்த அத்தியாயத்தைத் திறந்து தாள்களை ஒன்றுசேர்த்து விரலிடுக்கில் பிடித்தேன். நல்ல பைண்டிங். நானேதான் கடைக்காரரிடம், "கெட்டியா போடுங்க அண்ணா, காலத்துக்கும் இருக்கணும்" என்று சொல்லியிருந்தேன். மெதுவாக இழுத்தேன். பர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சாவிக்கொத்து நிமிர்ந்தார்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, நாற்காலி."

"என்னம்மா டாக்டர், சொந்தப் புத்தகத்தையே இவ்வளவு ஆசையா படிக்கிறே?"

அத்தான் என் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தலைமுடியைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டு, மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். அக்கா பொருத்திக் கொடுத்த ஃபிரேம். என் கையிலிருந்து பிரதியை வாங்கி, எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திருப்பினார்.

நான் எழுந்து போயிருக்கலாம். போக முடியவில்லை. அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் என் உயிர் போய் வந்தது. நடுநடுவே அபிப்பிராயம் வேறு.

"இந்தப் புருஷன் ரொம்ப நல்லவனா இருக்கானே!"

"ம்."

"பொண்டாட்டி மேல என்ன அக்கறை பாரு. எங்கே போனாலும் கூடவே போறான். இந்தக் காலத்துல யாரு போறாங்க?"

அந்த மனிதனைப் படுபாவியாகக் காட்ட நான் எத்தனை முறை திருத்தி எழுதினேன் தெரியுமா? அவனுடைய அமைதியில் வாசகருக்குக் குலை நடுங்க வேண்டும் என்று ஆய்வுரையில் ஒரு பத்தியே உண்டு. அத்தானோ அவனை அண்ணன் தம்பி மாதிரி பாவித்துப் படித்துக்கொண்டிருந்தார். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிடக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பல் ஆஸ்பத்திரி வந்தது. அவர் விரல் மெதுவானது. ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஓடிட்டாளே."

"கதைதானே அத்தான்."

"பாவம் அவன்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பின்வாசல்னு ஒண்ணு இருக்கிறதை அவன் எப்படி யோசிக்காம விட்டான்? நானா இருந்தா முதல்ல அதைத்தான் போய்ப் பாத்திருப்பேன்."

அவர் நாவலின் கடைசித் தாளைத் திருப்பி, பின்பாதியின் கனத்தைக் கட்டைவிரலால் அளந்தார்.

"இது என்ன, இன்னும் இவ்வளவு இருக்கு?"

"ஆய்வுரை அத்தான். வெறும் மேற்கோள். உங்களுக்குப் போரடிக்கும்."

"எனக்குப் போரடிக்காது."

திருப்ப ஆரம்பித்தார். நல்லவேளை, பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது. "சார், பூட்டணும். மிச்சத்தை நாளைக்கு வைவா முடிஞ்சதும் உக்காந்து படிங்க. எங்கேயும் ஓடிப் போயிடாது." அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது. அத்தான் பிரதியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு உங்க அக்காவையும் குட்டியையும் கூட்டிட்டு வரேன். முன் வரிசையில உக்காருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். கருத்தரங்க அறையில் முன் வரிசை நடுவில் அத்தான். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் குட்டி. இடையில் புகுந்து ஒரு வார்த்தை பேச வழியில்லை. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அக்கா கட்டைவிரலை உயர்த்தி, பயப்படாதே என்பதுபோல் சிரித்தாள். எல்லாரும் எனக்கு வைவா பயம் என்றே நினைத்தார்கள். துறைத்தலைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ரிலாக்ஸ்மா" என்றார்.

பார்வைப் பிரதி இப்போது புறத்தேர்வாளரின் மேஜையில் இருந்தது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரியவர். எங்கள் அதிர்ஷ்டம், வாராது வந்தவர் முழுசாகப் படித்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கேள்விகளெல்லாம் நல்ல கேள்விகள். என் வாய் ஏதோ பதில் சொன்னது. அவர் தலையாட்டினார். நெறியாளர் முகத்தில் ஆனந்தம். வருடக் கணக்காகப் பட்ட பாடு பலிக்கப் போகிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். எத்தனை ஆசைப்பட்டிருப்பேன் அதற்கு!

கடைசியில் துறைத்தலைவர், "அவையிலிருந்து யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார். இது ஒரு சடங்கு. முன்கூட்டியே சொல்லிவைத்த தோழி யாராவது எழுந்து சுலபமாக ஒன்று கேட்பாள். என் தோழி எழுவதற்குள் அத்தான் எழுந்துவிட்டார்.

"நான் இவளோட அக்கா வீட்டுக்காரர். படிப்பு கம்மி. நேத்துதான் நாவலைப் படிச்சேன். ஒரே ஒரு சந்தேகம்." குரல் அத்தனை பணிவு. "அந்தப் பல் ஆஸ்பத்திரி, பின்வாசல். அது நிஜமாவே எங்கேயாவது இருக்கா, இல்ல கற்பனையா?"

"அருமையான கேள்வி!" என்றார் புறத்தேர்வாளர். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பொதுவாசகர் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஆய்வாளர் இதற்கு உருமாற்றம் என்ற அத்தியாயத்தில் மிக நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். நான் ரசித்த பகுதி. வாசிக்கிறேன், கேளுங்கள்." மஞ்சள் சீட்டைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தார். தொண்டையைக் கனைத்தார். "'நாவலில் வரும் பல் மருத்துவமனை உண்மையில்...'"

"அது பொய் சார்."

என் குரல்தான்.

"எதும்மா பொய்?"

"அந்த அத்தியாயம். நான் யாரையும் பேட்டி எடுக்கலை. தகவல் குடுத்தவங்கன்னு யாரும் இல்ல. ஆதாரம் கேட்டாங்கன்னு நானா இட்டுக்கட்டி எழுதினேன். நாவலும் பொய், ஆய்வுரையும் பொய்."

புறத்தேர்வாளர் புத்தகத்தை மூடினார். நாவல் எழுதுகிறவள் நாவலில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். அதற்குத்தான் பட்டமே. பின்பாதியில் ஒரு பொய் சொன்னால் அது மோசடி. எங்கள் படிப்பில் அதற்கு மேல் பாவம் கிடையாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார் துறைத்தலைவர்.

"தெரிஞ்சுதான் சார்."

நெறியாளரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிருந்தது. அக்கா சொன்னதை நான் எழுதிக்கொண்டுவந்து காட்டிய குறிப்புகளை வரிவரியாகத் திருத்தியவர் அவர். நான் சொல்வது பொய் என்று அந்த அறையில் அவருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தார். நான் தலையை அசைத்தேன், கொஞ்சமே கொஞ்சம். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த உதவியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

துறைத்தலைவர் எழுந்து நின்று, தேர்வு இத்துடன் நிறுத்தப்படுகிறது, விசாரணை முடியும் வரை ஆய்வேட்டின் எந்தப் பிரதியும் யார் பார்வைக்கும் வைக்கப்படாது என்று அறிவித்தார். சாவிக்கொத்து வந்து மேஜையிலிருந்த பிரதியை எடுத்து, உறையில் போட்டு, அரக்கு வைக்க எடுத்துப் போனார். அப்பாடா என்று ஒரு கணம் மூச்சு வந்தது.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. சுவரோரம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தனை பேரை ஏமாத்தியிருக்கே! உன்னை நம்பினவங்க வாழ்க்கை உனக்கு விளையாட்டாப் போச்சா? இனிமே என் வீட்டு வாசல்ல கால் வைக்காதே. எனக்குத் தங்கச்சியே கிடையாது."

குட்டி அழ ஆரம்பித்தாள். அத்தான் வந்து அக்காவின் தோளில் கை போட்டு, "விடு, விடு, சின்னப் பொண்ணு" என்றார். அவர் முகத்தில் பல நாளாகப் பார்க்காத ஒரு நிம்மதி. என் பக்கம் குனிந்து, "கதை விட்டே டாக்டர் ஆயிடலாம்னு பாத்தியா?" என்று சிரித்தார். மூன்று பேரும் வெளியே போனார்கள்.

என்ன நடிப்பு என்று மலைத்துப்போய் நின்றேன்.

சனிக்கிழமை காலை முழுக்கக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். வகுப்பு தொடங்குகிற நேரம் வந்தது. முடிகிற நேரமும் போனது. போன் அடித்தது. அத்தான். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. பிறகு கீழே கார் சத்தம். அவர் ஹாஸ்டல் விதி எதையும் மதிக்காமல் மாடியேறி வந்துவிட்டார். கதவைத் தட்டினார். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அக்கா எங்கே?"

"தெரியாது அத்தான்."

"உள்ள போனா. வெளியே வரலை. அங்கே ஒரு பின்வாசல் இருக்கு." மெதுவாகத்தான் பேசினார், கதவோடு வாய் வைத்து. "அந்தப் புத்தகத்துல இருக்கு. எங்கே போனான்னு அதுல எழுதியிருக்கே. அந்தப் பெரியவர் நேத்து அதைத்தான் படிக்க வந்தார். சொல்லு, எந்த ஊரு?"

வார்த்தை தானாக வந்துவிட்டது.

"அதெல்லாம் நான் இட்டுக்கட்டினதுன்னு நேத்தே எல்லார் முன்னாடியும் சொன்னேனே அத்தான்."

கதவு அதிர்ந்தது. ஒரு உதை, இன்னொரு உதை. மேல் கீலில் ஓர் ஆணி கழன்று விழுந்தது. எதிர் அறைப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். வார்டன் காவலாளிகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர்களைப் பார்த்ததும் அத்தான் பழைய குரலுக்கு வந்து, "மன்னிக்கணும், குடும்ப விஷயம்" என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாராம். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க எனக்கு வெகு நேரம் ஆனது.

பொழுது சாயும் நேரத்தில் ஆபீஸ் போனுக்கு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வார்டன் ஆள் அனுப்பினார். போய் எடுத்தேன்.

"நான்தான்."

"அக்கா!" வார்டன் பக்கத்தில் இருந்தார். குரலை விழுங்கினேன். "நல்லா இருக்கியா? குட்டி?"

"பிஸ்கட் தின்னுட்டிருக்கா. நல்லா இருக்கோம்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நேத்து என்ன நடிப்புக்கா! நானே நம்பிட்டேன்."



"நடிப்பு இல்லடி."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பெரியவர் 'உண்மையில்'னு ஆரம்பிச்சதும் எனக்கு மூச்சு நின்னு போச்சு. எழுதிக்கோன்னு நான்தான் சொன்னேன், இல்லேங்கலை. கதையா எழுதிக்கோன்னு சொன்னேன். கதையில நல்லா மூடி வெச்சிட்டு, பின்னாடி அத்தனையும் ஏன்டி அவுத்துப் போட்டே?"

"ஆதாரம் கேட்டாங்கக்கா."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி விடு. நீ வாயைத் திறக்கலைன்னா நான் இன்னிக்கு இங்கே இல்ல. அதையும் நான் மறக்கலை. பட்டம் போச்சா?"

"போச்சு."

"அழாதே."

"அழலை. அந்தத் துறைமுக ஊர்லதானே இருக்கே? அவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாளா?"

"அங்கே போகலை. நீ எழுதின ஊருக்கு எப்படிப் போவேன்?"

"பின்னே எங்கே இருக்கே?"

"சொல்ல மாட்டேன்டி." கோபமே இல்லாமல், சின்ன வயதில் எனக்குத் தலை வாரிவிடும்போது பேசுகிற குரலில் சொன்னாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியமா."

"தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டே. எழுதிடுவே."

வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றேன். வார்டன் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "யாரும்மா, அக்காவா? எங்கேருந்து பேசினாங்க?" என்று கேட்டார்.

"ராங் நம்பர் மேடம்" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.